மிரட்டுகிறவன் கையில் இருக்கும் முதல்

பல்லடத்தில் தறிக்குடோனிலும் கோழிப்பண்ணையிலும் பனியன் கம்பெனியிலும் வேலை முடித்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, இணையத்தின் ஆபத்துகளிலிருந்து பிள்ளைகளைக் காப்பது எப்படி என்று பேச அழைத்திருக்கிறீர்கள். செயலிகளின் பெயர்கள் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன. இன்று ஒன்றைச் சொன்னால் அடுத்த ஆண்டு அது பழசாகிவிடும். ஆகவே மாறாத ஒன்றைப் பற்றியே பேசுகிறேன். பிள்ளையை மிரட்டுகிறவன் எதை முதலாக வைத்து மிரட்டுகிறான்? படத்தை வைத்து என்றுதான் நினைக்கிறோம். அந்தப் படத்துக்கு மதிப்பு வருவதே, அது வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்று பிள்ளை பயப்படுவதால்தான். அவனுடைய முதல், பிள்ளைக்கு நம் மேல் இருக்கும் பயம்.

பொள்ளாச்சி நமக்குத் தூரத்து ஊர் அல்ல. 2019 பிப்ரவரியில் அங்கே வெளிவந்த கொடுமையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சமூக வலைத்தளத்தில் பெண்களிடம் நட்பாகப் பழகி, நம்பவைத்து அழைத்துப்போய், வன்கொடுமை செய்து, அதைப் படம் பிடித்து, அந்தப் படத்தைக் காட்டியே மறுபடி மறுபடி மிரட்டினார்கள். புகார் கொடுத்தது கல்லூரியில் படித்த 19 வயதுப் பெண். அந்தப் பெண் வீட்டில் சொன்னாள். வீடு அவள் பக்கம் நின்றது. அங்கேதான் அந்தச் சங்கிலி அறுந்தது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கு 85 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. இத்தனையும் ஒரு பெண் வாய் திறந்ததில் தொடங்கியது. அவளுக்கு முன்னால் மிரட்டப்பட்டவர்கள் ஏன் பேசவில்லை என்று அவர்களைக் கேட்பது நியாயமில்லை. பேச முடிகிற மாதிரி நம் வீடுகள் இருந்தனவா என்பதுதான் கேள்வி.

இப்படிப்பட்ட மிரட்டல் ஒரு பிள்ளையிடம் எப்படி வந்து சேர்கிறது என்று பாருங்கள். இரவு பதினொரு மணி. அப்பா நைட் ஷிப்டில் இருக்கிறார். போர்வைக்குள் போனின் வெளிச்சம். "நாளைக்குள்ள பணம் வரலீன்னா உங்கப்பா நம்பருக்கு அனுப்பிடுவேன்" என்று ஒரு வரி. ஆண் பிள்ளைக்கும் இது வருகிறது. பெண் பெயரில் வீடியோ கால் வந்து, அதைப் பதிவு செய்து மிரட்டுகிறார்கள். பிள்ளை எதையாவது அனுப்பியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. பள்ளிக்கூட விழாவில் எடுத்த முகப்படம் ஒன்று கிடைத்தால் போதும், ஆபாசப் படத்தோடு ஒட்டிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் பிள்ளையின் மனசில் ஓடுவது ஒன்றே: அம்மாவிடம் சொன்னால் என்ன ஆகும்? "அடி விழும், போன் போகும், படிப்பு நிற்கும்" என்று பதில் வந்தால், அந்தப் பிள்ளை மிரட்டுகிறவனிடமே திரும்பிப் போகும்.

"அப்படியானால் போனையே கொடுக்காமல் இருந்துவிடலாமே" என்பீர்கள். சின்னக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். இரவில் யார் போனும் படுக்கைக்குப் போக வேண்டாம். வாட்ஸ்அப்பில் யார் குரூப்பில் சேர்க்கலாம் என்ற அமைப்பை இன்றைக்கே மாற்றுங்கள். இதையெல்லாம் செய்யத்தான் வேண்டும். ஆனால் கொரோனாவுக்குப் பிறகு வீட்டுப்பாடமே வாட்ஸ்அப்பில் வருகிறது. நம் வீட்டில் இல்லாத போன் நண்பன் கையில் இருக்கிறது. போனைப் பிடுங்குவதையே தண்டனையாக வைத்துவிட்டால், தவறு நடந்த அன்று பிள்ளை அதை மறைக்கவே பார்க்கும். தறி ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியும். பாவில் ஓர் இழை அறுந்ததை உடனே பார்த்துவிட்டால் ஒரு முடிச்சில் சரியாகும். பார்க்காமல் ஓட்டினால் துணி மீட்டர் கணக்கில் பழுதாகும்.

"கம்பெனிகளையும் அரசையும் விட்டுவிட்டு எங்களைக் கேட்கிறீர்களே" என்பது இன்னொரு கேள்வி. நியாயமான கேள்வி. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் முதல் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கே கூடாது என்று நிறுவனங்கள் மேல் பொறுப்பைப் போட்டிருக்கிறது. நம் நாட்டின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குட்பட்டவர் விஷயத்தில் பெற்றோர் ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன. வரவேற்கிறேன். ஆனால் நம் வீடுகள் பலவற்றில் பிள்ளை பார்ப்பது அப்பாவின் போன், அப்பாவின் கணக்கு. கம்பெனியின் கணக்கில் அங்கே இருப்பது நாற்பது வயது ஆள். எந்தச் சட்டமும் அந்தப் போர்வைக்குள் எட்டிப் பார்க்காது.

புகார் கொடுக்க விடாமல் நம்மைத் தடுப்பது மானம். "போலீசுக்குப் போனால் பெயர் வெளியே வந்துவிடும்." இதை வெறும் பயம் என்று நான் தள்ள மாட்டேன். பொள்ளாச்சியில் புகார் கொடுத்த பெண்ணின் பெயர் அரசாணையிலேயே வந்துவிட்டது. அந்தத் தவறுக்காக உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. ஆனால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. குழந்தையின் அடையாளத்தை ஊடகம் வெளியிடக் கூடாது. வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம். வாங்குகிற அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. இவற்றைத் தெரிந்துகொண்டு, உரிமையாகக் கேளுங்கள்.

மிரட்டல் வந்துவிட்டால் பணம் கொடுக்காதீர்கள், ஒருமுறை கொடுத்தால் நிற்காது. கோபத்தில் எதையும் அழிக்காதீர்கள். மிரட்டிய உரையாடலும் அந்தக் கணக்கின் முகவரியும்தான் சாட்சி. படத்தைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பி யோசனை கேட்காதீர்கள். குழந்தைகளின் ஆபாசப் படத்தைப் பகிர்வது குற்றம். பகிரும் நோக்கத்தோடு வைத்திருப்பதே குற்றம் என்று, சென்னையில் தொடங்கிய ஒரு வழக்கில் 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அழைக்க வேண்டிய எண்கள் இரண்டு: சைபர் குற்றத்துக்கு 1930, குழந்தைகளுக்கு 1098. வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும், எதுவும் நடக்காத இந்த நாளிலேயே, பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து இதைச் சொல்லிவிடுங்கள்: "கண்ணு, போன்ல யாராச்சும் உன்னைய மிரட்டுனா மொதல்ல எங்ககிட்ட வந்து சொல்லு. நீயே தப்புப் பண்ணியிருந்தாலும் சரி. அடிக்க மாட்டோம், படிப்பை நிறுத்த மாட்டோம்." சொன்ன பிறகு அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.