கருவியை மாற்றும் உரிமை



நம் தோழரின் நினைவுச் சொற்பொழிவை இந்த ஆண்டு தெள்ளாரில் வைத்திருக்கிறீர்கள். அவர் கூட்டத்துக்கு வந்தால் மேடை ஏறுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார்: "பறை அடிச்சவங்க சாப்பிட்டாங்களா?" இன்று நான் பேசப்போவதும் அடிக்கிறவர்களைப் பற்றித்தான்.

தெள்ளார் என்றதும் பாடப்புத்தகம் மூன்றாம் நந்திவர்மனைச் சொல்லும். 9ஆம் நூற்றாண்டில் இங்கே பாண்டியரை வென்றதால் 'தெள்ளாறெறிந்த' என்ற அடைமொழி அவனுக்கு வந்தது. போர்ப்பறை கொட்டியவர்கள் யார் என்று பாடப்புத்தகம் சொல்வதில்லை. நமக்கு அந்தக் கேள்விதான் முக்கியம்.

என் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். என் அப்பா பறை அடித்தார். ஊரில் சாவு என்றால் ஆள் வரும், போயாக வேண்டும். அண்ணன், "இனிமே அடிக்கமாட்டேன்" என்று சொல்லி ஆரணிக்குப் பட்டுத்தறிக் கூலிக்குப் போனார். அண்ணன் மகன் இப்போது பேண்டு செட்டில் டிரம்ஸ் வாசிக்கிறான். ஒரே வீட்டில் ஒருவர் கட்டாயத்தால் அடித்தார், ஒருவர் மறுத்தார், ஒருவன் விரும்பி அடிக்கிறான்.

போன ஆண்டு அவன் கூலியைச் சேர்த்து வைத்து சிம்பலை மாற்றினான். "ஏன்டா, பழசு உடைஞ்சுபோச்சா?" என்று கேட்டேன். "இல்ல அத்தை. பழசுல ஓங்கி அடிச்சாத்தான் சத்தம். இதுல மெதுவாவும் அடிக்கலாம்" என்றான்.

அவன் சொன்னதில் உலோகக் கணக்கு இருக்கிறது. கனமான தட்டு அசைய மறுக்கும். பலமாக அடித்தால்தான் முழுக் குரல் வரும், வந்தால் நெடுநேரம் நிற்கும். மெல்லிய தட்டு லேசாகத் தொட்டாலே விழித்துக்கொள்ளும், சீக்கிரம் அடங்கும். மலிவான சிம்பல் பெரும்பாலும் பித்தளை. நல்லது வெண்கலம். அதிலும் பெயர்பெற்ற கலவையில் 100 பங்குக்குச் செம்பு 80, வெள்ளீயம் 20.

ஆனால் தட்டை மாற்றினால் போதாது, கையையும் மாற்ற வேண்டும். மெல்லிய தட்டின் விளிம்பில் நேராக ஓங்கி அடித்தால் விரிசல் விடும். சாய்த்து, வழித்துக்கொண்டு போகிற மாதிரி அடிக்க வேண்டும். அவன் பல மாதம் அதைப் பழகினான். முன்பு பாடகர் வாயைத் திறந்தாலும் இவன் சத்தம்தான் கேட்கும். இப்போது பாட்டுக்கு இடம் விட்டு, எழ வேண்டிய இடத்தில் எழுகிறான். ஏற்ற இறக்கம் என்பது அதுதான். ஊர்வலத்தில் "சத்தம் பத்தல, ஏறி அடிடா" என்று அதட்டுகிறவர்களுக்கு அது தெரிவதில்லை. கூலி கொடுத்தால் சத்தத்தை வாங்கிவிட்டதாக நினைக்கிறார்கள். 'டா' போடும் உரிமையும் அதோடு சேர்ந்து வருகிறது.

நமக்கு உறவான ஒரு வரலாறு அமெரிக்காவில் இருக்கிறது. 1739இல் தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள், முரசு கொட்டியே ஆள் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டே, 1740இல், அடிமைகள் முரசு வைத்திருக்கவோ கொட்டவோ கூடாது என்று சட்டம் வந்தது. அங்கே எஜமானர்கள் அடிக்காதே என்றார்கள், இங்கே ஆண்டைகள் அடித்தே ஆக வேண்டும் என்றார்கள். இரண்டு இடத்திலும் முடிவு அடிக்கிறவரிடம் இல்லை.

அந்த மக்களின் வழித்தோன்றல்களில் ஒருவர் கென்னி கிளார்க், ஜாஸ் டிரம்மர். அவருக்கு முன்பு டிரம்மரின் முக்கிய வேலை, ஆடுகிறவர்களுக்காகக் கால்மிதியால் பெரிய டிரம்மை விடாமல் அடித்துக் காலம் காட்டுவது. 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிளார்க் அந்தக் காலக்கணக்கை மேலே இருந்த சிம்பலுக்கு மாற்றினார். காலும் இடது கையும் விடுபட்டன. அவை நினைத்த இடத்தில் குறுக்கிட்டன, கேள்வி கேட்டன, பதில் சொன்னன. இப்படி அடித்தால் ஆட முடியாது என்று முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் ஹார்லெமில் மின்டன்ஸ் என்ற விடுதியில் கூடிய இளைஞர்கள் அந்த அடியின் மேல்தான் பீபாப் என்ற புதிய இசையைக் கட்டினார்கள். ஏவலுக்குக் காலம் காட்டியவர் உரையாடுகிறவர் ஆனார்.

இந்த வெளிச்சத்தில் நம் பறையைப் பாருங்கள். வேப்பமரச் சட்டம், கன்றுத்தோல், ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை. ஒரு கையில் தடித்த அடிக்குச்சி, மறுகையில் மெல்லிய மூங்கில் சிம்புக்குச்சி. ஈரக்காற்று பட்டால் தோல் தொய்யும். அப்பா வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சுவார். விரலால் தட்டிப் பார்ப்பார், மறுபடி காட்டுவார். எந்தச் சூட்டில் எந்தக் குரல் என்பது அவருக்குக் காதில் இருந்தது. அந்த அறிவுக்கு யாரும் பட்டம் தரவில்லை.

இப்போது ஃபைபர் பறை வந்துவிட்டது. காய்ச்ச வேண்டாம், மழைக்குப் பயமில்லை, திருகாணியை முறுக்கினால் போதும். இதை இழிவாகப் பேசுகிற தோழர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களோடு இல்லை. மேற்கத்திய டிரம்மிலும் கன்றுத்தோல்தான் இருந்தது. 1950களின் இரண்டாம் பாதியில் பிளாஸ்டிக் தோல் வந்தது. யாரும் அவர்களை மரபைக் கொன்றவர்கள் என்று திட்டவில்லை. ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். ஃபைபரில் உச்சம் எளிதாக வருகிறது, தோலின் அடங்கிய குரல் அவ்வளவு எளிதில் வருவதில்லை. மாற்றுகிறவர்கள் அதைத் தெரிந்து மாற்ற வேண்டும். மாட்டுத்தோல் தீட்டு என்று பிறர் முகம் சுளிப்பதற்காக மாற்றினால், அது அவர்களுக்குக் கீழ்ப்படிவது. மழையில் நனைந்துகொண்டு அடிக்க வேண்டியிருக்கிறது என்று மாற்றினால், அது உங்கள் முடிவு.

பறையை மறுத்ததும் நம் வரலாறுதான். கடலூர்ப் பகுதியில் எல். இளையபெருமாள் இழிதொழிலாகத் திணிக்கப்பட்ட பறையடிப்பை நிறுத்தச் சொல்லி இயக்கம் நடத்தினார். என் அண்ணன் அந்த வழியில் போனவர். பிறகு பறையைக் கையில் எடுத்ததும் நம் வரலாறுதான். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறை அடித்து ஆடினார்கள். ஆண் மட்டும் தொட்ட கருவி அது. எங்கள் வீட்டில் அப்பாவின் பறையை நான் தொட்டால் அடி விழும். 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். மகிழ்ந்தோம். ஆனால் விருது ஒருவருக்கு வந்த அதே ஆண்டில், சாவுக்கு அடிக்க வரமாட்டேன் என்று சொல்லும் துணிச்சல் எத்தனை ஊர்களில் எத்தனை பேருக்கு இருந்தது?

ஆகவே மறுப்பதும் எடுப்பதும் எதிரெதிர் நிலைகள் அல்ல. இரண்டிலும் அடிக்கிறவரே முடிவு செய்கிறார். என் அண்ணனும் அவர் மகனும் இதைப் பற்றிச் சண்டை போடுவார்கள். "நான் கீழ போட்டத நீ எதுக்குடா எடுக்கிற?" என்பார் அண்ணன். "நீ போட்டதாலதாம்பா நான் இஷ்டப்பட்டு எடுக்க முடியுது" என்பான் அவன். இருவர் சொல்வதும் சரி.

மாணவ நண்பர்களுக்கு மூன்று வேலை சொல்கிறேன். உங்கள் ஊரில் காய்ச்சத் தெரிந்த பெரியவர் இருந்தால் அடியையும் அடவையும் மட்டுமல்ல, நெருப்பின் கணக்கையும் பதிவு செய்யுங்கள். அவர் அனுமதி கொடுத்த பிறகு செய்யுங்கள், அவர் பெயரைப் போடுங்கள். கலைக்குழுவைக் கூப்பிட்டால் கூலியை முன்பே பேசி, பேசியபடி கொடுங்கள். 'டா' போடுகிறவரை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

கூட்டம் முடிகிறது. இன்று காலையில் நமக்காக அடித்த தோழர்கள் வெளியே இருக்கிறார்கள். முதல் பந்தி அவர்களுக்கு. நம் தோழர் இருந்திருந்தால் அதைத்தான் கேட்டிருப்பார்.