சாட்டியவரே காட்ட வேண்டும்



‘குற்றம் சாட்டுதல்’ என்ற சொல்லாட்சியை ஆராய இந்த முகையூரைவிடப் பொருத்தமான வட்டாரம் இல்லை. பக்கத்தில்தான் திருவெண்ணெய்நல்லூர். சுந்தரருக்கும் முதியவர் ஒருவருக்கும் அங்கே நடந்த வழக்கைப் பெரியபுராணம் விரிவாகச் சொல்கிறது. பக்தர்களுக்கு அது இறைவன் ஆட்கொண்ட வரலாறு. நான் அந்த ஊர்ச் சபையை வியந்து வியந்து படிப்பவன்.

மணப்பந்தலில் நின்ற இளைஞரைப் பார்த்து ‘நீ என் அடிமை’ என்கிறார் முதியவர். அவர் ஆதாரமாக வைத்திருந்த ஓலையை இளைஞர் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். வழக்கு சபைக்கு வருகிறது. வந்தவரின் வயதுக்காகச் சபை தலையாட்டவில்லை. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்ற மூன்றில் ஒன்றைக் காட்டு என்று முதியவரைத்தான் கேட்கிறது. கிழிந்தது படிதான், மூலம் என்னிடம் இருக்கிறது என்கிறார் அவர். சபையின் கணக்கரான கரணத்தான் அந்த மூல ஓலையை வாசிக்கிறார். சாட்சிக் கையெழுத்திட்டவர்கள் தங்கள் எழுத்தைப் பார்த்து ஒப்புகிறார்கள். அதோடும் விடவில்லை. சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டையும் ஒப்பிட்ட பிறகே தீர்ப்பு. சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் எழுதியது இது. சாட்டியவர் மெய்ப்பிக்கும் வரை சாட்டு வெறும் சாட்டுதான் என்பதை அந்தச் சபை அறிந்திருந்தது.

சிலப்பதிகாரத்தின் மதுரையில் நேர்மாறு. விசாரணைக்கு முன்பே பொற்கொல்லன் வாயில் ‘கள்வன்’ வந்துவிட்டது. அரசனும் அதே சொல்லைச் சொன்னான். கோவலனிடம் கேள்வி கேட்க யாரும் இல்லை.

நம் காலத்துக்கு வருகிறேன். காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ‘எதிரி’ என்றே எழுதுகிறோம்; ‘ஒன்றாவது எதிரி’, ‘இரண்டாவது எதிரி’. யாருக்கு எதிரி? பத்திரிகைகளோ கைதான அன்றே ‘குற்றவாளி’ ஆக்கிவிடுகின்றன. ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ நீளமாக இருக்கிறது என்று செய்தியாளர்கள் சொல்வார்கள். ஒரு மனிதனின் மானத்தைவிட அந்த நீளம் பெரிதல்ல.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து இருளர் குடியிருப்புகளில் கேட்டுப் பாருங்கள். ஊரில் எங்கோ திருட்டு என்றால் ‘கேஸ் போட’ இவர்களைத் தேடி வருவது நெடுங்காலத் துயரம். பேராசிரியர் பிரபா கல்விமணி திண்டிவனத்திலிருந்து பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தை நடத்திவருவது அதனால்தான். இருளர்களுக்கு மட்டும் நேர்ந்த துயரம் அல்ல இது. 1993-இல், அன்றைய தென்னார்க்காட்டின் முதனையில், ராசாக்கண்ணு மீது நகைத் திருட்டைச் சாட்டினார்கள். எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை, அவர் காவலிலேயே இறந்தார். வழக்கறிஞராக இருந்த சந்துரு அந்த வழக்கை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். ‘ஜெய்பீம்’ அதிலிருந்து பிறந்த படம்.

கல்வெட்டுகளையும் நிகண்டுகளையும் பற்றிய நல்ல கட்டுரைகள் இந்த அரங்குக்கு வந்திருக்கின்றன. அவற்றோடு இன்னொன்றையும் மாணவர்களிடம் கேட்கிறேன். முதல் தகவல் அறிக்கைகளிலும் குற்றப்பத்திரிகைகளிலும் உள்ள தமிழைத் தொகுங்கள். ‘பிராது’, ‘புகார்’, ‘பழி’, ‘எதிரி’ ஒவ்வொன்றும் யார் வாயில், யார் மேல் விழுகிறது என்று குறித்து வாருங்கள். ‘எதிரி’க்கு மாற்றாக, எழுத்தர் கைக்குச் சுலபமாக வரும் சுருக்கமான சொல் ஒன்றை நிறைவு அமர்வுக்குள் இந்த அவை முன்மொழிய வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, முதல் அமர்வைத் தொடங்கி வைக்கிறேன்.