நாயைக் குளிப்பாட்டும் கைக்கும் பாதுகாப்பு வேண்டும்

(நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



"கடன் விஷயம் பேசுவீங்கன்னு வந்தா, நாய் குளிப்பாட்டறதப் பத்திப் பேசறீங்களே மேடம்" என்று முன்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. ஏன் பேசுகிறேன் என்று கேட்ட பிறகு சிரிக்க மாட்டீர்கள்.

போன மாதம் ஒரு குழுவின் சேமிப்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஒரு அக்கா கையில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்னக்கா ஆச்சு?" என்றால், "ஒண்ணுமில்ல, சும்மா கீறல்" என்றார். விடாமல் கேட்ட பிறகுதான் சொன்னார். அவர் விடியற்காலை மின்சார ரயிலில் போய் மாம்பலத்தில் இறங்கி, தி.நகரில் மூன்று வீடுகளில் வேலை செய்கிறார். அதில் ஒரு வீட்டில் பொமரேனியன் நாய். "அப்படியே இதையும் குளிப்பாட்டி விட்டுடும்மா" என்றிருக்கிறார்கள். காதுக்குப் பின்னால் முடி சிக்காக இருந்திருக்கிறது. சீப்பைப் போட்டு இழுத்தார், கடித்துவிட்டது. காப்பித்தூளை வைத்துக் கட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார். வெளியே சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயம். நாங்கள் பார்த்தது மூன்றாம் நாள். உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். எல்லா ஊசியும் போட்டாகிவிட்டது, நன்றாக இருக்கிறார்.

நம் உறுப்பினர்களில் எத்தனையோ பேர் மயிலாப்பூர், அடையாறு, தி.நகர் வீடுகளுக்கு வேலைக்குப் போகிறோம். ஊரில் நம் வீட்டு வாசலிலும் ஒரு நாய் படுத்திருக்கிறது. அதனால் இது எல்லோருக்கும் தேவையான பாடம்.

தண்ணீர் ஊற்றும் முன்

முதலில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "அம்மா, இதுக்கு வெறிநோய் தடுப்பூசி போட்டாச்சா? எப்போ போட்டீங்க?" இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். சென்னையில் நாய் வளர்க்க மாநகராட்சி உரிமம் வாங்க வேண்டும். அதற்குத் தடுப்பூசிச் சான்று காட்ட வேண்டும். ஆகவே ஊசி போட்டிருந்தால் வீட்டில் சான்று இருக்கும்.

இரண்டாவது, நாயைப் பழகிக்கொள்ளுங்கள். உடம்பை விறைத்துக்கொண்டு, காதைப் பின்னால் மடித்து, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்த்தால் அதற்குப் பயம் என்று அர்த்தம். உறுமினால் கையை எடுத்துவிடுங்கள். வீட்டுக்காரர் ஒருவர் பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்ளட்டும். "நீங்க கொஞ்சம் பிடிச்சுக்கோங்கம்மா" என்று சொல்வது நம் உரிமை.

குளிப்பாட்டும் முறை

வெயில் ஏறிய காலை நேரம் நல்லது. முடியை முதலில் காய்ந்த நிலையிலேயே சீவுங்கள். நனைந்தால் சிக்கு இன்னும் இறுகும். சிக்கை இழுக்காதீர்கள். அடியில் விரலை வைத்துக்கொண்டு நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியுங்கள். பிரியவில்லை என்றால் வீட்டுக்காரரிடம் சொல்லி விட்டுவிடுங்கள்.

வெதுவெதுப்பான தண்ணீர் போதும். காதில் பஞ்சு வையுங்கள். கழுத்திலிருந்து ஆரம்பித்துப் பின்பக்கம் போங்கள். முகத்தில் தண்ணீர் ஊற்றாமல் ஈரத்துணியால் துடைத்தால் போதும். நாம் போடும் சோப்பும் ஷாம்புவும் அதன் தோலை வறட்சியாக்கும். நாய்க்கென்று விற்கும் ஷாம்புவே நல்லது. நுரை கொஞ்சமும் தங்காமல் அலசுங்கள், தங்கினால் அரிக்கும். பிறகு துண்டால் நன்றாகத் துவட்டுங்கள். சென்னைப் புழுக்கத்தில் ஈரம் தங்கினால் புண் வரும்.

அடிக்கடி குளிப்பாட்ட வேண்டியதில்லை. சிப்பிப்பாறை, ராஜபாளையம் போன்ற குட்டை முடி நாய்க்கும் நம் தெரு நாய்க்கும் மாதம் ஒருமுறை தாராளம். நகம் வெட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். நகத்துக்குள் ரத்தக்குழாய் இருக்கிறது. தவறி வெட்டினால் ரத்தம் வரும், வலியில் கடிக்கும்.

உண்ணி இருந்தால்

குளிப்பாட்டும்போதுதான் உடம்பு முழுக்கக் கை படுகிறது. காதுக்குள், விரல் இடுக்கில், வாலடியில் பாருங்கள். உண்ணியை விரலால் நசுக்காதீர்கள். சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். உண்ணியால் நாய்க்குக் காய்ச்சல் வரும். சாப்பிடாமல் சோர்ந்து, ஈறு வெளுத்திருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஊரில் சிலர் பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தை நாய் மேல் தடவுகிறார்கள். சொறிக்கு மண்ணெண்ணெய், வண்டி ஆயில் பூசுகிறார்கள். நாய் அதை நக்கும், செத்துப்போகலாம். தடவும் நம் கைக்கும், கட்டிப்பிடிக்கும் குழந்தைக்கும் அது விஷம்தான். ஊரில் அரசு கால்நடை மருந்தகம் இருக்கிறது. சென்னையில் சைதாப்பேட்டை அரசு கால்நடை மருத்துவமனை, 1903-ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கின்றன. அங்கே கேட்டு மருந்து வாங்குங்கள்.

கடித்துவிட்டால்

இதை மட்டும் மறக்காதீர்கள். காப்பித்தூள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். கட்டும் போட வேண்டாம். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஊசி இலவசம். காயம் ஆழமாக இருந்தால் காயத்திலேயே போடும் ஊசியும் தேவைப்படலாம். நகம் கீறி ரத்தம் வந்தாலும் போக வேண்டும். "ஊசி போட்ட வீட்டு நாய்தானே" என்று நாமே முடிவு செய்யக் கூடாது, மருத்துவர் சொல்லட்டும். சொன்ன தேதிகளில் எல்லா ஊசியும் போட வேண்டும். வெறிநோயின் அறிகுறி வந்துவிட்டால் பிறகு காப்பாற்ற வழியில்லை. வருமுன் தடுத்தால் முழுசாகத் தப்பலாம்.

கடைசியாக ஒன்று. நாய் குளிப்பாட்டுவது தனி வேலை. பாத்திரம் தேய்க்கப் பேசிய சம்பளத்தில் அது அடங்காது. தனியாகக் கூலி பேசுங்கள், விருப்பம் இல்லையென்றால் மறுத்துவிடுங்கள். வீட்டுப் பணியாளர்களுக்குத் தனி நலவாரியம் 2007-லேயே வந்துவிட்டது. பதிவு செய்யாதவர்கள் இன்றே ஊக்குநரிடம் பெயர் கொடுங்கள்.

அந்த அக்கா இப்போது இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். "என் கதையைச் சொல்லுங்க, இன்னொருத்தி மறைக்க வேணாம்" என்று அவர்தான் சொன்னார். கடி பட்டது நம் தப்பு இல்லை. அதை யாரும் மறைக்க வேண்டாம். அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள்.