பந்தும் பாட்டும் பகிர்தலும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் உரையாற்றச் செயலர் அழைத்தபோது, சங்கப் பாடல்களைப் பற்றியோ புதுக்கவிதையைப் பற்றியோ நான் பேசுவேன் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. பழைய இசைத்தட்டுகளிலும் கிரிக்கெட்டிலும் எனக்குள்ள ஈடுபாட்டையும், அதைப் பிறரோடு பகிர்ந்துகொள்வதில் உள்ள இன்பத்தையும் இடர்ப்பாட்டையும் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். "இலக்கிய வட்டத்தில் இவற்றுக்கு என்ன வேலை?" என்று ஒருவர் கேட்கலாம். கேட்கத் தக்க கேள்விதான்.

பந்தையும் பாட்டையும் தமிழ் என்றும் பிரித்து வைத்ததில்லை. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் கந்துகவரி என்றொரு பகுதி உண்டு. பந்தாடும் மகளிர் பாடும் பாட்டு அது. குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தடிக்கும்போது பாட்டின் சந்தமே பந்தாகித் துள்ளுகிறது. திருவாசகத்தில் அம்மானையும் பொன்னூசலும் பக்திப் பாட்டுகளின் வடிவங்களாயின. விளையாட்டும் இசையும் ஒரே மூச்சில் பிறந்தவை என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

அமெரிக்காவிலும் இதற்கு ஒப்பான செய்தி ஒன்றுண்டு. அங்கே ஜாஸ் என்னும் இசையும், கிரிக்கெட்டுக்கு உறவுடைய பேஸ்பால் என்னும் ஆட்டமும் மக்களின் இரு பெருங்காதல்கள். 'ஜாஸ்' என்னும் சொல் இசைக்குப் பெயராகும் முன்பே ஆடுகளத்தில் வழங்கியது. 1912ஆம் ஆண்டு பென் ஹெண்டர்சன் என்னும் பந்தெறியாளர் தம் புதுவகைப் பந்துக்கு அப்பெயரைச் சூட்டியதை லாஸ் ஏஞ்சலிஸ் நாளிதழ் ஒன்று வெளியிட்டது. 1947இல் ஜாக்கி ராபின்சன் என்னும் கறுப்பின வீரர், வெள்ளையருக்கே உரியதாயிருந்த முதன்மைத் தொழில்முறைப் போட்டிகளில் அடியெடுத்து வைத்தார். இரண்டே ஆண்டுகளில், 1949இல், கவுண்ட் பேசியின் குழு அவர் பந்தடித்த அழகைப் பாடி இசைத்தட்டாக வெளியிட்டது. ஓர் இனத்தின் பெருமிதம் ஆடுகளத்திலிருந்து இசைத்தட்டுக்குத் தாவிய கதை அது.

நம் நாட்டு இசைத்தட்டின் வரலாற்றிலும் இத்தகைய செய்திகள் உண்டு. 1902ஆம் ஆண்டு நவம்பரில் பிரெட் கெய்ஸ்பர்க் என்னும் ஒலிப்பதிவாளர் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரலைப் பதிவு செய்தார். அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடங்களே கிடைக்கும். பாடி முடித்ததும் அம்மையார் தம் பெயரைத் தாமே சொல்லி முடிப்பார். கடல் கடந்து ஜெர்மனியில் தட்டு அச்சாகும்போது பாடியவர் யார் என்று தெரிய வேண்டுமல்லவா? நம் பதிகங்களின் இறுதியில் புலவர் தம் பெயரைப் பொறிக்கும் மரபு என் நினைவுக்கு வருகிறது.

தென்னாட்டில் முதலில் பதிவுக் கருவியின் முன் நின்றவர்களில் பெரும்பாலோர், பாட்டையே தொழிலாகக் கொண்ட குடும்பங்களின் பெண்கள். நம் மாவட்டம் சேலத்தோடு சேர்ந்திருந்த அந்நாளில், சேலம் கோதாவரி என்னும் பாடகியின் தட்டுகள் வெளிவந்தன. வீணை தனம்மாள் தம் முதுமையில் சில தட்டுகளுக்கு வாசித்தார். எம். எஸ். சுப்புலட்சுமி 1926இல் பத்து வயதுச் சிறுமியாக முதல் தட்டில் பாடினார். குலமகளிர் பாடுவது இழுக்கு என்று சமூகம் சொல்லிக்கொண்டிருந்தபோது, யாரை இழிவாகப் பேசியதோ அவர்களின் குரலையே அது விலை கொடுத்து வாங்கி வீட்டுக்குள் கொண்டுவந்தது. இந்த முரண்பாட்டைக் கவிஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கேட்டவர்களின் கதையும் உண்டு. சபாவுக்குச் சீட்டு வேண்டும். அங்கே அமர ஒரு துணிவும் வேண்டும். தேநீர்க் கடையில் ஒலித்த தட்டுக்கு இரண்டும் வேண்டியதில்லை. திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் நாதசுரத் தோடி, அவரை ஒருநாளும் நேரில் காணாதவர்களின் காதுகளையும் சென்றடைந்தது. ஊசிக்குக் கேட்பவனின் குலம் தெரியாது.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன். 1846இல் தொடங்கிய சென்னைக் கிரிக்கெட் கழகம் ஐரோப்பியருக்கே உரியதாக இருந்தது. அந்த அவமதிப்புக்கு விடையாக 1888இல் புச்சிபாபு நாயுடு இந்தியர்களுக்கென ஒரு கழகம் கண்டார். இந்தியர் கழகங்களிலும் எல்லார்க்கும் ஒரே இருக்கை கிடைத்துவிடவில்லை. பல்வங்கர் பாலு என்னும் பந்துவீச்சாளர் தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர். ஆடுகளத்தைச் செப்பனிடும் பணியாளராக இருந்தவர். பூனாவில் அவர் எறிந்த பந்தைத் தொட்டவர்கள், அவருக்கு மட்டும் தேநீரை மண்குவளையில் வெளியே வைத்தே கொடுத்தனர். 1911இல் இங்கிலாந்து சென்று நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்திய அவருக்கு இந்துக்கள் அணியின் தலைமை வாய்க்கவேயில்லை. அவர் தம்பி விட்டலுக்கு 1923இல் அது கிட்டியது. ராபின்சனுக்கு முன்பே நம்மிடையே நடந்த போராட்டம் இது.

'தொழில்முறை' என்னும் சொல்லைப் பற்றி இங்கே ஒன்று கூற வேண்டும். 2008இல் ஐ.பி.எல். தொடங்கியதிலிருந்து, "வீரர்களை ஏலம் விடுகிறார்கள், ஆட்டம் வணிகமாகிவிட்டது" என்னும் குறை நம்மவர் பேச்சிலும் எழுத்திலும் இருந்து வருகிறது. அதில் உண்மையும் உண்டு. ஆனால் பொருள் கருதாமல் ஆடுவதே உயர்வு என்னும் கொள்கை யாருக்கு வசதியாக இருந்தது? சோற்றுக்குக் கவலையில்லாதவர்க்கே வசதியாக இருந்தது. பாலுவும் கோதாவரியும் தொழில் செய்தார்கள். அதியமானின் வாயிலில் நின்ற பாணரும் தொழில் செய்தவர்களே. பரிசில் பெற்றதால் அவர்கள் பாட்டு குறைந்து போகவில்லை. நம் பக்கத்து மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் விசைத்தறித் தொழிலாளியின் மகனாகப் பிறந்த தங்கராசு நடராஜனை 2017ஆம் ஆண்டு ஏலத்தில் ஓர் அணி மூன்று கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2020 டிசம்பருக்கும் 2021 ஜனவரிக்கும் இடையே, ஆஸ்திரேலியாவில் ஒரே பயணத்தில் மூவகைப் போட்டிகளிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர். வலைப்பயிற்சிக்குப் பந்து வீசச் சென்றவர், பிரிஸ்பேன் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட் எடுத்தார். தொழில்முறை என்னும் வாயில் திறந்திராவிட்டால் அந்த இடக்கையைச் சின்னப்பம்பட்டி மட்டுமே அறிந்திருக்கும்.

இனிப் பகிர்தலுக்கு வருகிறேன். என் தாய்வழிப் பாட்டனார் விட்டுச்சென்ற ஒரு பெட்டித் தட்டுகளும் பழுது பார்த்த ஒரு கருவியும் என்னிடம் உண்டு. என் கல்லூரியில் கணிதத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் கிரிக்கெட்டில் தோய்ந்தவர். அவருக்கு இசை புரியாது. எனக்கு ஆட்டம் புரியாது. ஒருநாள் அவரே ஓர் ஒப்பந்தம் சொன்னார்: "அம்மா, நீங்கள் ஒரு மணி நேரம் என்னோடு ஆட்டம் பாருங்கள், நான் ஒரு மணி நேரம் உங்களோடு தட்டுக் கேட்கிறேன்."

முதல் சனிக்கிழமை தோடியைப் போட்டேன். சிறிது நேரத்தில், "இவர் ஏன் இன்னும் பாட்டைத் தொடங்கவில்லை?" என்று கேட்டார். "ஐயா, டெஸ்ட் ஆட்டத்தின் முதல் மணி நேரத்தில் தொடக்க ஆட்டக்காரர் என்ன செய்வார்?" என்று கேட்டேன். "களத்தைப் பார்ப்பார், பந்தைப் பார்ப்பார், விட வேண்டியதை விடுவார்" என்றார். "இவரும் அதைத்தான் செய்கிறார்" என்றேன். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். தட்டின் அந்தப் பக்கம் முடியும்வரை திறக்கவில்லை.

அடுத்த வாரம் அவர் முறை. ஒரு சுழற்பந்து வீச்சாளரைக் காட்டி, "ஐந்து பந்துகளை ஒரே பக்கம் திருப்பினாரே, ஆறாவதைக் கவனியுங்கள்" என்றார். ஆறாவது பந்து திரும்பாமல் நேரே சென்றது. மட்டையாளர் திரும்பும் என்று நம்பி ஏமாந்தார். எதுகையை எதிர்பார்த்து நிற்கும் காதுக்கு, அதை மறுத்து வேறொன்றைத் தரும் கவிஞனை அங்கே கண்டேன். அன்றுமுதல் எனக்கும் ஆட்டம் புரியலாயிற்று.

இதிலிருந்து நான் கற்றது இதுதான்: ஒரு சுவையைப் பகிர்வதற்கு அன்பு மட்டும் போதாது, மொழியும் வேண்டும். பிறர் அறிந்த ஒன்றிலிருந்து அவர் அறியாத ஒன்றுக்கு வழிகாட்டும் சொல் வேண்டும். சென்னை வானொலியில் அப்துல் ஜப்பார், கூத்தபிரான், இராமமூர்த்தி முதலியோர் தமிழில் வருணனை செய்தபோது நிகழ்ந்தது இதுவே. பந்துவீச்சாளர், களத்தடுப்பு, எல்லைக்கோடு, ஆட்டமிழப்பு என்னும் சொற்களைச் செவிவழியே கேட்ட ஒருவர், ஆடுகளத்தைக் காணாமலே அதற்குள் புகுந்தார். தமிழிசை இயக்கம் எழுப்பிய கேள்வியும் இதற்கு உறவுடையதே: புரியாத மொழியில் பாடினால் நான் எப்படி உள்ளே வருவேன்? 1943இல் அண்ணாமலை அரசர் தமிழிசைச் சங்கம் நிறுவியபோது அவரோடு நின்றவர்களில், அன்றைய சேலம் மாவட்டத்துத் தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜியும் ஒருவர்.

இது என் வகுப்பறையில் நான் நாள்தோறும் காணும் செய்தி. என் மாணவியரில் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். அரூர்ப் பக்கத்திலிருந்து வரும் பெண் ஒருத்தி நான் இசைத்தட்டைப் போட்டபோது, "இது நாங்கள் கேட்கிற பாட்டு இல்லையே, அம்மா" என்றாள். வெறுப்பினால் சொல்லவில்லை, அடுத்த வீட்டுப் பொருளைத் தொடக் கூசுவது போலச் சொன்னாள். அழகாகப் பந்து வீசும் இன்னொருத்தி, வீட்டில் தடுத்ததால் களத்துக்கு வருவதையே விட்டுவிட்டாள். உலகக் கோப்பையில் நூறு அடித்த முதல் இந்தியப் பெண் சென்னையைச் சேர்ந்த திருஷ்காமினி என்பதும், அது 2013இல் நிகழ்ந்தது என்பதும் அவளுக்குத் தெரியாது. 2025 நவம்பர் 2ஆம் நாள் இந்திய மகளிர் அணி உலகக் கோப்பையை வென்ற பின்னும் இத்தகைய தடைகள் எல்லா வீடுகளிலும் நீங்கிவிடவில்லை. 'இது உனக்குரியதன்று' என்று ஒரு பெண்ணிடம் சொல்லச் சட்டம் தேவையில்லை. யாரும் அவளை அழைக்காதிருந்தாலே போதும். இந்தப் பேச்சில் நான் கவலைப்படும் பொருள் அதுவே.

அன்பர்களே, நாம் அமர்ந்திருப்பது தகடூர் மண். அதியமான் நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்ததை எல்லாரும் சொல்வோம். அவன் இறந்தபின் ஔவை பாடிய புறநானூற்று 235ஆம் பாட்டை அத்தனை பேர் சொல்வதில்லை. அதில் அவர் முதலில் நினைவுகூர்வது வாள்வலியை அன்று, உடனிருந்து மகிழ்ந்த பொழுதுகளை. இருந்தது சிறிதாயின் தனக்கென வைத்துக்கொள்ளாதவன், பெரிதாயின் பிறர் பாட்டோடு சேர்ந்தே அனுபவித்தவன் என்கிறார். இன்பத்தைப் பங்கிட்டவன் போனபோது இன்பமே போய்விட்டது என்பதுதான் அந்தக் கையறுநிலையின் பொருள். நம் மாவட்டத்து நடுகற்கள் வீரனின் செயலைக் காக்கின்றன. இசைத்தட்டு ஒரு குரலைக் காக்கிறது. அருகில் நின்று இவர் யார், என்ன செய்தார் என்று எடுத்துச் சொல்ல ஒருவர் இல்லையென்றால் இரண்டும் வெறும் கல், வெறும் அரக்கு.

எடுத்துச் சொல்லும் அந்த ஒருவர் யார் என்பதுதான் கவிஞர்களுக்கு என் கேள்வி. பத்தாண்டுகளாக நாம் இங்கே கவிதைகளைப் படித்தோம், திருத்தினோம், பாராட்டினோம். அது நல்ல பணி. ஆயினும் நாம் எழுதியதை நாமே படித்துக்கொள்வதோடு நின்றுவிடுமானால், வட்டம் என்னும் சொல்லுக்கு வேலி என்ற பொருளே மிஞ்சும்.

ஆகவே, விழாவுக்கு வந்த விருந்தினராக அன்றி உறுப்பினராக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். வரும் ஆண்டுமுதல் மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டத்தை இலக்கியமல்லாத சுவைக்கு ஒதுக்குவோம். ஒருவர் தாம் விரும்பும் ஒன்றைக் கொண்டுவரட்டும்: தவிலாகலாம், சதுரங்கமாகலாம், எருதாட்டமாகலாம், ஜாஸ் ஆகவும் இருக்கலாம். அதை அறியாத ஒருவர் அருகில் அமரட்டும். அவருக்குப் புரியும் தமிழில் இவர் சொல்லட்டும். முதற்கூட்டத்துக்குத் தட்டுகளை நான் கொண்டுவருகிறேன். ஆட்டத்தை விளக்கக் கணிதப் பேராசிரியர் ஒப்புக்கொண்டுவிட்டார். என் மாணவியர் இருவரையும் அழைத்து வருவேன். அவர்களுக்கு முன்வரிசையில் இடம் வைத்திருங்கள்.