நடக்கப் போகும் நால்வருக்கு

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காகச் செயலாளர் கேட்டபடி எழுதித் தந்திருக்கிறேன்.)



லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் பார்த்திருப்பீர்கள். நம் பி பிளாக்கில் இருக்கும் இரண்டு பிள்ளைகளும், அவர்களோடு ஐ.டி. கம்பெனியில் ஒரே டீமில் வேலை பார்க்கும் இன்னும் இரண்டு பேரும் வருகிற தை மாதம் ஒரு சனிக்கிழமை நடக்கப் போகிறார்கள். விடிகாலை மூன்று மணிக்கு நம் கேட்டில் கிளம்பி அழகர்கோவில், அங்கிருந்து மேலூர், பிறகு ஒத்தக்கடை வழியாகத் திரும்ப இங்கே. சுற்றி வந்தால் அறுபது கிலோமீட்டரைத் தொடும். வசூலாகும் பணம் கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளின் கண் பரிசோதனைக்கும் கண்ணாடிக்கும் போகும் என்று எழுதியிருக்கிறார்கள். நல்ல காரியம். கூட்டத்தில் எல்லோரும் கை தட்டினோம்.

என்னிடம் நன்கொடை கேட்டு வந்தபோது மட்டும் நான் உடனே கொடுக்கவில்லை. "யோசிச்சுச் சொல்றேம்ப்பா" என்றேன். அந்தத் தம்பியின் முகம் சுருங்கிவிட்டது. பென்ஷன்காரர், கை வராது என்று நினைத்திருக்கலாம். காரணம் அதுவல்ல. அதைச் சொல்லத்தான் இந்தப் பேச்சு.

1993-ல் நான் வேலை பார்த்த கிளையில் ஒன்பது பேர் சேர்ந்து மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு சைக்கிளில் போனோம். ஓர் ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்துக்கு நிதி திரட்ட. நான் பி.காம். படித்தவன் என்பதால் என்னை ட்ரெஷரர் ஆக்கினார்கள். கிளைக்கு வரும் வாடிக்கையாளர்கள், பக்கத்துக் கடைக்காரர்கள், மற்ற கிளை ஊழியர்கள் எல்லோரிடமும் கேட்டோம். எங்கள் அட்டெண்டர் ஒருவர் தீபாவளி அட்வான்ஸிலிருந்து ஐம்பது ரூபாய் கொடுத்தார். மொத்தம் 14,350 ரூபாய். அன்றைக்கு அது பெரிய பணம்.

முதல் நாள் திருப்புவனம் தாண்டும்வரை பாட்டும் கேலியும்தான். மானாமதுரைக்கு மேல் பேச்சு நின்றுவிட்டது. அந்த ரோட்டைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். மரம் இருக்கும், நிழல் இருக்காது. பரமக்குடிக்கு முன்னால் கிளியரிங் பிரிவில் இருந்த நண்பருக்குத் தொடைத் தசை இழுத்துக்கொண்டது. எங்களில் மூத்தவர் அவர்தான். ரோட்டோரத்தில் உட்காரவைத்து அரை மணி நேரம் பார்த்தோம். ராத்திரிக்குள் ராமநாதபுரம் போய்ச் சேர வேண்டும், அங்கே ஒரு வரவேற்பு ஏற்பாடாகியிருந்தது. கடைசியில் அவரை மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, சைக்கிளைத் தெரிந்தவர் கடையில் போட்டுவிட்டு, எட்டுப் பேர் போனோம். மறுநாள் பாம்பன் ரோடு பாலத்தில் எதிர்காற்று. இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனோம். பாலத்தின் நடுவில் நின்று போட்டோ எடுத்தோம். அதில் எட்டுப் பேர்தான்.

திரும்பி வந்து கணக்குப் பார்த்தேன். பேனர், தொப்பி, பனியன், கூடவே வந்த வேன் வாடகை, சாப்பாடு, லாட்ஜ், போட்டோகிராபர், வழியனுப்பு விழாவுக்கு ஷாமியானா, சால்வைகள். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ரசீது இருந்தது. கூட்டினால் 9,870 ரூபாய். இல்லத்துக்குக் கொடுக்க மீதி 4,480.

யாரும் ஒரு ரூபாய்கூட எடுத்துக்கொள்ளவில்லை. எந்த ஆடிட்டர் வந்தாலும் அந்தக் கணக்கைப் பாஸ் செய்வார். மேனேஜர் முன்னிலையில் டி.டி. எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தோம். இல்லத்தை நடத்திய அம்மா டீ கொடுத்து, ரசீது எழுதிவிட்டு, மிக மரியாதையாகக் கேட்டார்: "மீதி எப்ப சார் வரும்? பதினாலாயிரத்துக்கு மேல சேர்ந்திருக்குன்னு கடைக்காரர் ஒருத்தர் சொன்னாரே."

எனக்கு அன்றைக்கு வாயில் பதில் வரவில்லை. இன்றைக்கும் வராது. அட்டெண்டர் கொடுத்த ஐம்பது ரூபாயில் முப்பத்துநான்கு ரூபாய் எங்கள் தொப்பிக்கும் சோற்றுக்கும் போயிற்று என்று விகிதம் போட்டுப் பார்த்தவன் நான். அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு 'சேரிட்டி வாக்', 'சேரிட்டி ரன்' என்று யார் வந்தாலும் எனக்குக் கொஞ்சம் தயக்கம். ஆனால் எல்லா இடத்திலும் இப்படித்தான் நடக்கிறது என்று சொன்னால் அது தப்பு. முறையாக நடத்திக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பிள்ளைகளே எனக்கு 'டிரெயில்வாக்கர்' என்ற ஒன்றைப் பற்றிச் சொன்னார்கள். அதைப் பார்த்துத்தான் இவர்களுக்கு இந்த யோசனையே வந்ததாம். 1981-ல் ஹாங்காங்கில் இருந்த கூர்க்கா சிப்பாய்கள் தொடங்கியது அது. மலைப்பாதையில் 100 கிலோமீட்டர். 1986-ல் பொதுமக்களையும் சேர்த்துக்கொண்டு, ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனத்தோடு நடத்தினார்கள். பிறகு பல நாடுகளுக்குப் போய், 2012-ல் பெங்களூருக்கும் வந்தது. நால்வர் நால்வராக, 48 மணி நேரத்துக்குள் 100 கிலோமீட்டர். ஒரே ஆபீஸைச் சேர்ந்த டீம்கள்தான் நிறைய வருமாம். மானேஜரும் நேற்றுச் சேர்ந்த ட்ரெய்னியும் ஒரே டீமில் இருப்பார்கள்.

100 கிலோமீட்டர் என்றால் நமக்குச் சட்டென்று புரியும். இங்கிருந்து பழனிக்குக் கிட்டத்தட்ட அந்தத் தூரம்தான், இன்னும் ஓர் இருபது கிலோமீட்டர் கூட வரும். தைப்பூசத்துக்கு நடக்கிறவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

டிரெயில்வாக்கரில் எனக்குப் பிடித்தது தூரமல்ல. நால்வரும் சேர்ந்து கிளம்பி, சேர்ந்தே முடிக்க வேண்டும் என்பதுதான் அதன் குறி. அப்படியென்றால் வேகமாக நடக்கிறவனுக்கு அங்கே வேலை இல்லை. மெதுவாக நடக்கிறவர் எவரோ, அவர் வேகம்தான் டீமின் வேகம். இதைக் கேட்டபோது பரமக்குடி ரோட்டில் நாங்கள் பஸ் ஏற்றிவிட்ட நண்பர்தான் கண்முன் வந்தார். அவர் இப்போது கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். போன வருடம் போனில் பேசும்போது, "அந்தப் பாம்பன் போட்டோ உன்கிட்ட இருக்கா? எனக்கு ஒண்ணு அனுப்பு" என்றார். அனுப்பிவைத்தேன்.

இப்போது நம் நால்வருக்கு வருகிறேன். தம்பிகளா, உங்கள் நோட்டீஸில் டி-ஷர்ட், மெடல், டிரோன் வீடியோ என்று மூன்று விஷயம் போட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த வயதில் ஆசை இருக்கத்தான் செய்யும். அதற்கான பணத்தை உங்கள் கையிலிருந்து போடுங்கள், அல்லது ஆபீஸில் கேட்டு வாங்குங்கள். எங்களிடம் வாங்கும் பணம் உங்களில் யாருடைய ஜிபேக்கும் வரக்கூடாது. தொண்டு நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகட்டும், ரசீது அவர்களிடமிருந்து எங்களுக்கு வரட்டும். நாம் 80ஜி என்று சொல்லிப் பழகிய வரிச்சலுகை வேண்டுமென்றாலும் அந்த ரசீதுதான் வழி. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது. புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது, அவர்கள் புண்ணியத்துக்காகவே கொடுக்கலாம்.

கம்பெனி தன் சி.எஸ்.ஆர். நிதியிலிருந்து இந்த நடைக்குக் கொடுக்கும் என்று ஒரு தம்பி சொன்னார். கொஞ்சம் பொறுங்கள். மாரத்தான் மாதிரி ஒரு தடவை நடத்திவிட்டுப் போகும் நிகழ்ச்சிகளுக்கான செலவு சி.எஸ்.ஆர். கணக்கில் சேராது என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2014 ஜூனிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. நியாயமான விதி. உங்கள் எச்.ஆரிடம் வேறு மாதிரி கேளுங்கள்: ஊழியர்கள் திரட்டும் தொகைக்குச் சமமாகக் கம்பெனியும் அந்தக் கண் பரிசோதனைத் திட்டத்துக்கே போடுமா என்று. அப்படிப் போடுகிற கம்பெனிகள் உண்டு.

ஏ பிளாக் சார் ஒருவர் கூட்டத்தில் கேட்டார்: "பணத்தை நேரா கொடுத்துட்டுப் போகலாமே, எதுக்கு வெயில்ல நடக்கணும்?" கேட்க வேண்டிய கேள்விதான். நானும் முப்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் அனுபவத்தில், சும்மா கேட்டால் நூறு ரூபாய் கொடுக்கிறவர், தெரிந்த பிள்ளை தனக்காக இல்லாமல் கால் நோக நடக்கிறான் என்றால் ஐந்நூறு கொடுக்கிறார். அந்த மீதி நானூறுதான் நடைக்கான நியாயம். அதை டி-ஷர்ட்டுக்குச் செலவழித்துவிட்டால் நடந்ததற்கே அர்த்தமில்லாமல் போகிறது.

மதுரையில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது டாக்டர் வெங்கடசாமியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்று, 58 வயதில், 1976-ல், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர். கட்ட முடிந்தவர்கள் கட்டும் பணத்திலேயே கட்ட முடியாதவர்களுக்கும் பார்ப்பது என்று கணக்குப் போட்டு நடத்தினார். ரிட்டயர் ஆகும் வயதில் அவர் போட்ட கணக்கு அது. நான் ரிட்டயர் ஆனபோது பி.எஃப். கணக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடம்பைப் பற்றி இரண்டு வார்த்தை. புது ஷூ போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். ஒரு மாதமாவது அதிலேயே நடந்து பழகுங்கள், இல்லாவிட்டால் அழகர்கோவில் தாண்டும்முன் கொப்புளம் வந்துவிடும். தாகத்துக்கு வெறும் தண்ணீரையே மடக்மடக்கென்று குடித்துக்கொண்டிருப்பதும் ஆபத்து. ரத்தத்தில் உப்பு இறங்கிவிடும். ஒரு லிட்டர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு, ஆறு டீஸ்பூன் சர்க்கரை கலந்து இடையிடையே குடியுங்கள். இருட்டில் நடக்கும்போது எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ரோட்டின் வலதுபக்கமாக நடங்கள், மின்னும் ஜாக்கெட் கட்டாயம். மேலூரிலிருந்து நீங்கள் திரும்பும் ரோடு நான்குவழிச் சாலை. யானைமலை கண்ணுக்குத் தெரிந்த பிறகும் ஊர் வந்து சேர நெடுநேரம் ஆகும். அங்கேதான் ஒருவர்மேல் ஒருவருக்கு எரிச்சல் வரும். அந்த இடத்தில் பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நால்வரில் யாருக்காவது முடியவில்லை என்றால் மற்ற மூவரும் உட்காருங்கள். மேலூரோடு நின்றாலும் பரவாயில்லை, நான் சொன்ன தொகையைக் குறைக்க மாட்டேன். 5,000 ரூபாய். நேற்றே அந்த நிறுவனத்தின் கணக்குக்கு அனுப்பிவிட்டேன், ரசீதும் வந்துவிட்டது.

மற்றவர்களுக்கும் கணக்கு எண்ணைச் சரிபார்த்துக் கொடுக்க ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கிளப்ஹவுஸில் இருப்பேன். பணம் அனுப்பத் தெரியாத பெரியவர்கள் போனை எடுத்துக்கொண்டு வாருங்கள், ஓ.டி.பி.யை மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். நடக்கும் அன்று மேலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் மோர்ப் பானையோடு நிற்பதாகச் சொல்லியிருக்கிறேன். அதற்குக் காரில் யாராவது இடம் கொடுக்க வேண்டும். என் ஸ்கூட்டரில் பானை நிற்காது.