காயம்பட்ட சிப்பாயின் கடுதாசி



பெங்களூரு பிரிகேட் ரோடும் ரெசிடென்சி ரோடும் சந்திக்கும் முனையில் ஒரு போர் நினைவுத் தூண் நிற்கிறது. மதராஸ் பயனியர் படையில் சேர்ந்து போர்க்களங்களில் மாண்டவர்களுக்காக எழுப்பியது. மாண்டவர்களுக்கு அந்தக் கல்லாவது இருக்கிறது. காயம்பட்டு, கடல் தாண்டி எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, வீட்டுக்குக் கடுதாசி எழுதினார்களே, அவர்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்தேன்.

முதல் உலகப் போரின்போது, 1914 நவம்பரில், கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில், இன்றைய தான்சானியாவில், பிரிட்டிஷ் இந்தியப் படை இறங்கியது. அதில் ஒரு பிரிவுக்கு 'பெங்களூர் பிரிகேட்' என்றே பெயர். 63ஆவது பாளையங்கோட்டை காலாட்படை அதில்தான் போயிற்று. எதிரே ஜெர்மானிய இயந்திரத் துப்பாக்கிகள். போதாததற்கு, வெடிச்சத்தத்தில் கலைந்த தேனீக்கள் வேறு கூட்டம் கூட்டமாக வந்து கொட்டின. சில நாள் சண்டையில் 800 பேருக்கு மேல் மாண்டார்கள் அல்லது காயம்பட்டார்கள்.

அடுத்த ஆண்டு மெசபொடேமியாவில், இன்றைய இராக்கில், நடந்தது அதைவிடக் கொடுமை. டெசிபான் சண்டையில் காயம்பட்டவர்களை ஆற்றுப் படகுகளில் நெருக்கி அடைத்து டைக்ரிஸ் வழியாக பாஸ்ராவுக்கு அனுப்பினார்கள். ஒரு கப்பல் போய்ச் சேரவே ஏறத்தாழ இரண்டு வாரம் ஆயிற்று. திறந்த தளத்தில் வெயிலிலும் மழையிலும் கிடந்தார்கள். புண்ணுக்குக் கட்டு மாற்றவும் ஆளில்லை. ஆனால் மேலிடத்துக்குப் போன தந்தியோ, மருத்துவ ஏற்பாடுகள் பிரமாதம் என்றது. உண்மையை 1917இல் விசாரணைக் குழு அறிக்கைதான் ஊரறியச் சொன்னது. தளபதியே எல்லாம் நலம் என்று தந்தி கொடுத்த இடத்தில், சாதாரணச் சிப்பாய் எதை எழுதிவிட முடியும்?

அந்தப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் ஒரு தபால் அட்டையை அச்சடித்துக் கொடுத்தது. நலமாக இருக்கிறேன் என்று ஒரு வரி. ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறேன் என்று ஒரு வரி. அதன் கீழே நோய், காயம் என்று இரண்டும் இருக்கும். வேண்டாததை அடித்துவிட வேண்டும். தேதியும் கையெழுத்தும் போடலாம், அவ்வளவுதான். கூட ஒரு சொல் எழுதினாலும் அட்டையைக் கிழித்துப் போட்டுவிடுவோம் என்று அதிலேயே எச்சரிக்கை. கால் போயிற்றா, கண் போயிற்றா என்று சொல்ல அதில் இடமே கிடையாது.

சொந்தமாகக் கடிதம் எழுதுகிறவனுக்கும் அதே நெருக்கடிதான். எழுதப் படிக்கத் தெரியாதவன் பக்கத்துக் கட்டில்காரரிடமோ கம்பவுண்டரிடமோ சொல்லி எழுத வைக்க வேண்டும். ஊரில் அதைத் தபால்காரரோ வாத்தியாரோ திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். நடுவில் தணிக்கை அதிகாரி வேறு. இத்தனை காதுகளுக்கு நடுவே மனைவியிடம் மனம்விட்டு எதைச் சொல்வது? 'இவ்விடம் நலம், அவ்விடம் நலமறிய அவா' என்று தொடங்கி, மாடு கன்று போட்டதா, பணம் வந்து சேர்ந்ததா, ஏன் பதில் போடவில்லை என்று கேட்டு முடித்திருப்பான்.

இங்கிலாந்தில் பிரைட்டன் அரண்மனையை 1914 டிசம்பரில், பிரான்சில் போரிட்டுக் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரியாக்கினார்கள். சாதி மத வழக்கத்துக்கு ஏற்ப ஒன்பது சமையலறைகள் வைத்தார்கள். கவனிப்பில் குறையில்லை என்று பலர் எழுதினார்கள். ஆனால் புண் ஆறியதும் திரும்பவும் அகழிக்கே அனுப்புகிறார்கள் என்ற வேதனை கடிதத்துக்குக் கடிதம் வந்தது. சண்டையில் இந்தியர் தீர்ந்துபோவதை நேரே எழுத முடியாமல், கறுப்பு மிளகு தீர்ந்துவிட்டது, இப்போது சிவப்பு மிளகைப் பயன்படுத்துகிறார்கள் என்று ஒருவர் பூடகமாக எழுதினார். கறுப்பு மிளகு இந்தியர். சிவப்பு மிளகு வெள்ளையர். தணிக்கைக்காரர்களுக்கு அது புரியாமல் இல்லை.

இதெல்லாம் நமக்குத் தெரிவதற்குக் காரணமே அந்தத் தணிக்கைதான். அவர்கள் ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்த பகுதிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஆனால் பிரான்சுக்குப் போன படைகளில் பெரும்பாலோர் பஞ்சாபிகள், பட்டாணியர், கூர்க்காக்கள், கட்வாலிகள். ஆகவே அந்தத் தொகுப்பில் தமிழ்ச் சிப்பாயின் குரல் அபூர்வம். டாங்காவிலும் டைக்ரிஸ் கரையிலும் அடிபட்ட நம் ஆட்களின் கடிதங்களை அப்படி யாரும் சேர்த்து வைத்ததாக எனக்குத் தெரியவில்லை. எஞ்சியவை இருந்தால் அவரவர் வீட்டு டிரங்குப் பெட்டியில்தான் இருக்க வேண்டும். இது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது.

அப்படிப்பட்ட பெட்டிகள் நம் ஊரிலேயே இருக்கக்கூடும். 1834 முதல் மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் இருப்பிடம் பெங்களூருதான். அந்தச் சிப்பாய்களை ராணுவமே 'தம்பி' என்றுதான் கூப்பிடும். அல்சூரிலும் நீலசந்திராவிலும் சிவாஜிநகரிலும் ராணுவத்தில் இருந்த தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ இல்லாத தமிழ்த் தெரு குறைவு. முதல் உலகப் போர் என்றில்லை, பர்மா, இத்தாலி, 1962, 1965, 1971, கார்கில் என்று எந்தப் போரில் வந்த கடிதமானாலும் அது காப்பாற்ற வேண்டியதுதான்.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு கட்டு இருந்தால் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். லேமினேட் செய்ய வேண்டாம், டேப் ஒட்ட வேண்டாம். தபால் முத்திரை தெரியும்படி இரண்டு பக்கமும் படம் எடுங்கள். எழுதியவர் பெயர், படை எண், எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தேதி என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடம் அதைப் படித்துக் காட்டி, அந்தக் கடிதம் வந்த நாளில் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டு அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே பெட்டியைத் திறந்து பாருங்கள்.