திரைக்குப் பின்னால் துரியோதனன்

எல்லாரும் தன்னையே பார்க்க வேண்டும் என்று தவிக்கிற ஆள் ஆரம்பாக்கத்திலும் இருப்பார், கும்மிடிப்பூண்டி ஷிஃப்டு பஸ்ஸிலும் இருப்பார்.

அப்படித்தான் 1936-இல் லண்டனில் ஓவியர் சால்வதோர் டாலி, ஆழ்கடலில் இறங்குபவர்கள் போடும் கவச உடையில் சொற்பொழிவாற்ற வந்தார். உள்ளே மூச்சுத் திணறிப்போய், அடுத்தவர்கள் வந்து தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டியதாயிற்று!

நம் பக்கத்துத் தெருக்கூத்தில் எல்லாரும் தன்னைப் பார்க்க வேண்டும் என்ற இந்த ஆசைக்கென்றே ஓர் இடம் உண்டு. துரியோதனன் எடுத்த எடுப்பில் முகம் காட்ட மாட்டார். இரண்டு பேர் திரை பிடிக்க, பின்னாலிருந்து பாடுவார். கிரீடம் மட்டும் எட்டிப் பார்க்கும்; சலங்கை அதிரும். திரை விலகியதும் கிறுகிறுவென்று ஒரு சுற்று! எனக்கென்னவோ பக்கத்தில் நிற்கும் கோமாளியான கட்டியங்காரனைத்தான் பிடிக்கும். ராஜா ரொம்ப அலட்டினால் அங்கேயே காலை வாரிவிடுவான். ராஜா கோபித்தாலும் சனம் சிரிக்கும்.